மருந்துச் சீட்டில் எஸ்ஓஎஸ் என்று இருந்தால் பதறாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆச்சிமார் சிலர் மருந்துச் சீட்டில் எஸ்ஓஎஸ் என்று பார்த்தாலே ஏதோ ஆபத்து என்று கலங்கிவிடுகிறார்கள். கப்பல்காரர்களின் அபாய அழைப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லத்தீனில் 'சி ஓபஸ் சிட்', அதாவது தேவைப்பட்டால். வலியோ காய்ச்சலோ இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் 'தேவைப்பட்டால்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வலிக்கும்போதெல்லாம் ஒன்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுதான் உண்மையில் ஆபத்து. அதனால் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்: எத்தனை மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை? சாதாரண பாரசிட்டமாலுக்கே குறைந்தது 4 மணி நேரமாவது விட வேண்டும்.

சீட்டில் வரும் மற்ற சுருக்கெழுத்துகளும் லத்தீன் மிச்சங்கள்தான். பிடி (BD) என்றால் இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை (கணக்கு வழக்கிலேயே ஊறிய நம்ம ஊரில் வரிப் பிடித்தம்தான் முதலில் ஞாபகம் வரும்!), எச்எஸ் படுக்கப் போகும்போது, ஏசி சாப்பாட்டுக்கு முன், பிசி சாப்பிட்ட பின்.

ஓடி (OD) மட்டும் கொஞ்சம் வில்லங்கம். மாத்திரைக்கு எழுதினால் தினம் ஒரு வேளை, அதுவே கண் டாக்டர் சீட்டில் இருந்தால் பெரும்பாலும் வலது கண். அப்புறம், மருந்துக் கடையில் அட்டை மேலேயே 'காலை', 'ராத்திரி' என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் எழுதித் தருவார்கள்.