பழைய துப்பாக்கி எழுத்தாளர்களை வாசிப்பது எப்படி?

அமெரிக்க வேட்டை முகாம்களில் இன்றைக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு: வேகமான சிறு குண்டா, மெதுவான கனத்த குண்டா? சண்டை போடுபவர்களில் பாதிப்பேருக்குத் தாங்கள் யாருடைய வாதத்தை ஒப்பிக்கிறோம் என்றே தெரியாது. வேகமான சிறு குண்டின் பக்கத்தை எழுதிவைத்தவர் ஜாக் ஓ'கானர் (1902–1978). அரிசோனா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 'அவுட்டோர் லைஃப்' இதழின் துப்பாக்கிப் பக்கங்களை 1972 வரை கவனித்தவர். மறுபக்கம், கனத்த குண்டின் பக்கம், எல்மர் கீத் (1899–1984). ஐடஹோ மாநிலத்தில் பண்ணை வைத்திருந்தவர், வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாகக் காடேறியவர்.

இவர்களும் இவர்கள் காலத்தவரும் கற்றுத்தந்த பழக்கங்கள் பெரும்பாலும் இன்றும் செல்லும். எண்கள் அப்படியல்ல. எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரிப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கால்குலேட்டர், சுடுதளத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் போதும்.

முதலில் ஆண்டைப் பிடியுங்கள்

பழைய கட்டுரைகள் பெரும்பாலும் தொகுப்பு நூல்களாகத்தான் கைக்கு வரும். அந்தக் கட்டுரை இதழில் எப்போது வந்தது என்பது பல தொகுப்புகளில் இருக்காது. ஆனால் கட்டுரையே காட்டிக்கொடுத்துவிடும்; அதில் எந்தத் தோட்டாக்கள் பேசப்படுகின்றன என்று பாருங்கள். (குண்டு, மருந்து, கூடு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பெயரிலுள்ள எண் காலிபர், அதாவது குண்டின் விட்டம், ஏறக்குறைய அங்குலத்தில்.) அவை விற்பனைக்கு வந்த ஆண்டுகள்: .270 வின்செஸ்டர் 1925, .357 மேக்னம் 1935, .308 வின்செஸ்டர் 1952, .243 வின்செஸ்டரும் .44 மேக்னமும் 1955, .458 வின்செஸ்டர் மேக்னம் 1956, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் 1962. மலை வேட்டைக்கு எந்தத் தோட்டா என்று பத்துப் பக்கம் அலசும் கட்டுரையில் 7 மி.மீ. ரெமிங்டனின் பெயரே வரவில்லையென்றால், அது 1962க்கு முன் எழுதப்பட்டது என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம்.

ஆண்டு ஏன் முக்கியம்? குண்டு மாறிவிட்டது. முன்னும் பின்னும் ஈயம், நடுவே செம்புக் கலவையில் தடுப்புச் சுவர் என்ற அமைப்பில் ஜான் நோஸ்லர் தன் பார்டிஷன் குண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1948இல். முழுக்கச் செம்பாலான வேட்டைக் குண்டுகள் பரவியது 1980களின் இறுதிக்குப் பிறகு. அதற்கு முன் வேகமான சிறு குண்டு எலும்பில் பட்டால் மேலேயே சிதறி, உள்ளே இறங்காமல் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். 'சிறு காலிபர் எல்க் மானுக்கு ஆகாது' என்று 1940களில் ஒருவர் எழுதினால், அவர் திட்டுவது காலிபரையா, அன்றைய குண்டையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குண்டைத்தான்.

எந்த விலங்கு, எந்த நிலம், எந்தக் கோணம்

நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஆண்டு, குண்டின் வகையும் எடையும், விலங்கு, தூரம், விலங்கு நின்ற கோணம். ஒவ்வொரு தீர்ப்புக்கும் எதிரே நிரப்புங்கள். மூன்று கட்டமாவது நிரம்பாத தீர்ப்பு வெறும் அபிப்பிராயம்.

ஓ'கானர்–கீத் சண்டையை இப்படிப் பிரித்துப் போட்டால் பாதி கரைந்துவிடும். ஓ'கானரின் உயிர் மலை ஆடுகளில் இருந்தது. திறந்த மலைச்சரிவு, பைனாக்குலரில் தேடி, மணிக்கணக்கில் பதுங்கி நெருங்கி, ஆடு பக்கவாட்டில் அசையாமல் நிற்கும்போது நெஞ்சுக்கூட்டில் ஒரு குண்டு. 130 கிரெயின் (சுமார் எட்டரை கிராம்) எடையுள்ள குண்டு அதற்குத் தாராளம். கீத் சுற்றியது ஐடஹோவின் அடர்ந்த மரக்காடு. எல்க் முந்நூறு கிலோவைத் தாண்டும். தெரிவது பெரும்பாலும் ஓடும் விலங்கின் பின்புறம். வழிகாட்டியாகப் போனவருக்கு, மற்றவர்கள் காயப்படுத்திவிட்ட விலங்கைத் தேடி முடிப்பதும் வேலை. பின்னாலிருந்து நுழைந்து நெஞ்சுவரை போகிற குண்டு அவருக்கு வேண்டியிருந்தது. கேள்விகள் இரண்டு, இதழ் வாசகர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள். .270இன் பெரிய பிரசாரகரான ஓ'கானரே ஆப்பிரிக்காவில் ஆபத்தான விலங்குகளுக்கு .375ஐக் கையில் எடுத்தார் என்பதை அவருடைய ரசிகர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

ஆப்பிரிக்க யானை வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் கதையும் இதே மாதிரி. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர், அவற்றில் பெரும்பகுதியை .275 ரிக்பியால், அதாவது 7×57 மவுசரால். 'அவ்வளவு சிறிய தோட்டா போதும்' என்பதற்குச் சாட்சியாக அவரை இழுப்பார்கள். கட்டங்களை நிரப்பிப் பாருங்கள்: 173 கிரெயின், முழுக்க உறையிட்ட, மழுங்கிய முனைக் குண்டு, மிக நெருங்கிய தூரம், குறி பெரும்பாலும் மூளை. மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, எந்தக் கோணத்திலிருந்து மூளை எங்கே இருக்கும் என்று படித்தவர் அவர். அந்தப் படிப்பு இல்லாமல் தோட்டாவை மட்டும் கடன் வாங்கியவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தது .375 என்ற விதி இருக்கிறது.

சேலம், தருமபுரிக் காடுகளை எழுதிய கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டருக்கும் இதே கட்டங்கள்தான். 300 கிரெயின் மழுங்கிய குண்டு, மிதமான வேகம். தூரம் போகப் போகச் சட்டென்று தாழும். கிட்டத்தில் பதுங்கி உட்கார்ந்து சுடுவதற்கு ஏற்றது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் அந்த வேட்டை முடிந்த கதை. அவரிடம் இன்று எடுத்துக்கொள்ளக் கிடப்பது துப்பாக்கி யோசனை அல்ல, காட்டின் குரல்களைக் கேட்கும் முறை.

சூத்திரம் சொன்னால் போட்டுப் பாருங்கள்

ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய ஜான் டெய்லர் 1948இல் ஒரு கணக்கைப் பிரபலமாக்கினார். குண்டின் எடை (கிரெயின்) × வேகம் (அடி/விநாடி) × விட்டம் (அங்குலம்) ÷ 7000. இதுதான் 'நாக்-அவுட்' எண். அச்சில் வரும் வேகங்களை வைத்து இரண்டுக்குப் போடுவோம்.

.270: 130 × 3060 × 0.277 ÷ 7000 = 15.7
.44 மேக்னம் ரிவால்வர்: 240 × 1350 × 0.429 ÷ 7000 = 19.9

ரிவால்வர் ஜெயித்துவிட்டது. இப்போது ஆற்றல் கணக்கு: எடை × வேகம் × வேகம் ÷ 450240. .270க்கு சுமார் 2,700 அடி-பவுண்டு, .44க்கு சுமார் 970. ரைஃபிள் மூன்று மடங்கு. கனத்த குண்டுக் கட்சி முதல் கணக்கைக் காட்டும், வேகக் கட்சி இரண்டாவதை. அச்சில் எண்ணைப் பார்த்ததும் வாசகர் அடங்கிப்போவார்.

டெய்லர் தன் எண்ணை வகுத்தது உறையிட்ட குண்டு யானையின் தலையில் பட்டு, மூளையைத் தவறவிட்டால் எவ்வளவு நிலைகுலைய வைக்கும் என்று பெரிய ரைஃபிள்களை ஒன்றோடொன்று ஒப்பிட. அதை மானுக்கு நீட்டினால் வேடிக்கைதான் மிஞ்சும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்துக்குப் போட்டுப் பாருங்கள்: 156 கிராம் என்றால் சுமார் 2,407 கிரெயின், வேகம் 127.6 அடி, விட்டம் 2.83 அங்குலம். விடை 124. யானை ரைஃபிளான .458க்கு வருவது 70தான்! எந்தச் சூத்திரத்தைப் பார்த்தாலும் அது எந்த எல்லைக்குள் செய்யப்பட்டது என்று தேடுங்கள்.

மூன்று அங்குல விதியைச் சுடுதளத்தில் சோதிப்பது

ஓ'கானர் பரப்பிய பழக்கங்களில் மிகப் பயனுள்ளது இது. .270ஐ 130 கிரெயின் குண்டுக்கு 100 கெஜத்தில் 3 அங்குலம் உயரப் படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 200இல் சுமார் 4 அங்குலம் உயரம், 275 வாக்கில் நேர்க்குறி, 300இல் சுமார் 2 அங்குலம் தாழ்வு. லேசர் தூரமானி இல்லாத காலம். 300 கெஜம்வரை தூரத்தை யோசிக்காமல் விலங்கின் நெஞ்சுக்கு நேரே குறிவைக்கலாம் என்பது பெரிய விடுதலை.

ஆனால் அந்த எண்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தை நம்பியவை. தொடக்கத்தில் .270க்கு விளம்பரப்படுத்திய வேகம் 3,140 அடி. இன்று பெட்டியில் அச்சிடுவது 3,060. உங்கள் 22 அங்குலக் குழலில் அதற்கும் கீழேதான் வரக்கூடும். ஆகவே:

1. ஒரே பெட்டியின் 20 தோட்டாக்களை ஒதுக்குங்கள். ஸ்கோப் பிடிகளின் திருகுகளை முதலில் சோதியுங்கள். 'ரைஃபிள் கெட்டுப்போச்சு' என்ற புகார்களில் பல இங்கேயே தீரும்.
2. மணல் மூட்டை மேல் துப்பாக்கியின் மரக்கட்டையை வையுங்கள், குழலை அல்ல. குழல் மூட்டையில் பட்டால் குண்டு இடம் மாறிப் படும்.
3. 25 கெஜத்தில் தொடங்குங்கள். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருந்தால், இங்கே நேர்க்குறியில் படுவது 100இல் சுமார் 3 அங்குலம் உயரத்தில் படும்.
4. 100 கெஜத்தில் ஐந்து. மெல்லிய வேட்டைக் குழல் சூடேறினால் குண்டுகள் நகரத் தொடங்கும். மூன்று சுட்டதும் தொட்டுப்பாருங்கள், சூடாக இருந்தால் காத்திருங்கள்.
5. ஸ்கோப்பைத் தொடாமல் 200இலும் 300இலும் மும்மூன்று. அளந்து எழுதுங்கள். 300இல் தாழ்வு 2க்குப் பதில் 4 அங்குலம் என்றால், அந்த 4தான் உங்கள் எண், புத்தகத்தை மறந்துவிடுங்கள்.

இந்த முறையில் வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று. மான் 200 கெஜத்தில் நிற்கும். பார்வைக்குத் தூரமாகத் தெரியும். வேட்டைக்காரர் 'கொஞ்சம் ஏற்றிப் பிடிப்போம்' என்று முதுகுக் கோட்டில் குறிவைப்பார். குண்டு ஏற்கெனவே 4 அங்குலம் மேலே போகிறது. முதுகுக்கு மேல் பறந்துவிடும்.

மூட்டை மேல் சுட்டது துப்பாக்கிக்கான பரீட்சை. உங்களுக்கான பரீட்சைக்கு 8 அங்குலக் காகிதத் தட்டு போதும். தரையில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்களின் உட்பக்கம் பதித்து, வாரை இடது மேற்கையில் இறுக்கி, 50, 100, 150, 200 கெஜங்களில் பத்துப் பத்து. பத்தும் தட்டுக்குள் விழும் கடைசித் தூரம்தான் உங்கள் வேட்டை எல்லை. முழங்கையின் கூர்முனையை முழங்கால் சில்லின் மேல் வைத்தால் இரண்டு எலும்பும் உருளும், குறி ஆடும், சதைப்பகுதியை வையுங்கள்.

வெடிமருந்து அளவுகளை மட்டும் தொடாதீர்கள்

தாங்களே தோட்டா நிரப்புபவர்களுக்கு: பழைய கட்டுரையில் உள்ள அளவு எதையும் பயன்படுத்த வேண்டாம். கீத் கனத்த .44 ஸ்பெஷல் தோட்டாக்களைச் செய்துபார்த்த காலத்தில் பித்தளைக் கூடுகளின் அடிப்பகுதி உட்குடைந்தது. உள்ளே இடம் அதிகம். பின்னர் வந்த கூடுகளின் அடி கெட்டி. அதே மருந்தைக் குறைந்த இடத்தில் அடைத்தால் அழுத்தம் ஏறும். ஓ'கானர் புகழ்ந்த 4831 மருந்தில் இன்னொரு பொறி: ஹாட்ஜ்டன் விற்ற ஹெச்4831 வேறு, ஐஎம்ஆர் 4831 வேறு. இரண்டாவது வேகமாக எரியும். முதலாவதன் அளவை இரண்டாவதில் போட்டால் துப்பாக்கி தாங்குமா என்பது சந்தேகம். அளவுக்கு, மருந்துத் தயாரிப்பாளரின் இப்போதைய கையேடு ஒன்றே வழி.

'64க்கு முந்தியது' வாங்கப் போகிறீர்களா?

வின்செஸ்டர் 1936இல் கொண்டுவந்த மாடல் 70 ரைஃபிளை 1964இல் செலவு குறைத்து மாற்றியது. எழுத்தாளர்கள் கொதித்தார்கள், பழையவற்றின் விலை ஏறியது, இன்னும் இறங்கவில்லை. வரிசை எண் 7,00,000இலிருந்து மேலே என்றால் அது மாற்றத்துக்குப் பிந்தியது. போல்ட்டின் வலப்பக்கம் நீளமான எஃகு நகம் தோட்டாவின் விளிம்பைப் பிடிக்கிறதா என்று மருந்தில்லாத போலித் தோட்டாவால் இயக்கிப் பாருங்கள். கட்டையின் பின்புறம் அறுத்து ரப்பர் ஒட்டியிருந்தாலோ, கூடுதல் துளைகள் இருந்தாலோ சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். சுடுபவருக்கு அது லாபம்.

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது

ஜெஃப் கூப்பர் (1920–2006) 1976இல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். அவர் பரப்பிய நான்கு விதிகளுக்கு ஆண்டும் பார்க்க வேண்டாம், கட்டமும் போட வேண்டாம். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரம்பியதே. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் வாய் திரும்பக் கூடாது. குறி இலக்கில் நிலைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே. இலக்கு எது, அதன் பின்னால் என்ன என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். சுடுதளங்களில் விபத்தானால் முதலில் கேட்பது இதில் எதை மீறினார்கள் என்றுதான். பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு.

வாத்து வேட்டை நூல்களுக்கு ஒரு திருத்தம்

அந்தப் பக்கங்களில் வரும் ரவை எண் (ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோக உருண்டைகள்) எல்லாம் ஈயத்துக்கானது. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை தடை. உருக்கு ரவை இலேசு. ஆகவே நூலில் 4 என்றிருந்தால் உருக்கில் இரண்டு அளவு பெரிதாக, 2 எடுங்கள். எண் குறையக் குறைய ரவை பெரிது. அந்த நூல்கள் புகழும் இறுக்கமான வாய்க் குழலுள்ள பழைய துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தால், அதில் உருக்கைச் சுடவே வேண்டாம். ஈயம் நசுங்கிக்கொடுக்கும், உருக்கு கொடுக்காது. குழல் வாயருகே வளையம்போலப் புடைத்துவிடும். அதற்கு பிஸ்மத் என்னும் மென்மையான உலோகத்தாலான ரவை வாங்குங்கள். விலை அதிகம்தான், குழலைவிடக் குறைவு.