கண்புரை ஆபரேசனா? லென்ஸ் வெல கேக்கறதுக்கு முன்னாடி இத யோசிங்க

கண்ணுல புரைன்னு சொன்னதும் ஒறம்பரைல ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, நல்லா முத்தட்டும் அப்புறம் பாத்துக்கலாம்பாரு ஒருத்தரு, சொட்டு மருந்து ஊத்துனா கரைஞ்சுரும்பாரு இன்னொருத்தரு. ரெண்டுமே தப்புங்க. புரைய கரைக்கற மருந்து இன்னும் வரல. முத்த விட்டா அது கெட்டிப்பட்டு ஆபரேசன்தான் செரமமாகும். அதுக்காக சொன்ன அன்னைக்கே போய் படுத்துக்கோணும்னும் இல்ல, உங்க வேலைக்கு பார்வை பத்தலைன்னு தோணுச்சுன்னா அதுதான் நேரம்.

கண்ணு நடுவுல கருப்பா தெரியற பாப்பாவுக்கு பின்னாடி, பொறந்ததுலருந்து இருக்கற லென்ஸ்ல, வயசாக ஆக புரதம் திரண்டு கலங்கிப் போறதுதான் புரை. கண்ணுக்கு மேல சதை வளருதுன்னு சொல்றாங்களே அது வேற. சர்க்கரை, ரொம்ப நாளா எடுக்கற ஸ்டீராய்டு, பீடி சிகரெட் இதெல்லாம் புரைய சீக்கிரமா கொண்டு வரும். ராத்திரி அவினாசி ரோட்டுல எதுக்கால வர்ற வண்டி லைட்டு, அழுக்கு புடிச்ச முன்கண்ணாடி வழியா பாக்கற மாதிரி செதறி அடிக்குதுன்னா போய் காட்டிருங்க. சிலருக்கு திடீர்னு கண்ணாடி இல்லாமயே பேப்பர் படிக்க வரும், கண்ணு தேறிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க, பாவம், லென்ஸ் கெட்டியாயி பவர் மாறுனதுங்க அது.

ஆபரேசன்னா கலங்குன லென்ஸ எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வெக்கறது, அவ்ளோதான். பேக்கோங்கற முறைல 3 மில்லிமீட்டருக்கும் கம்மியான ஓட்டை போட்டு, அல்ட்ராசவுண்டுல ஒடச்சு உறிஞ்சிட்டு மடக்குன லென்ஸ உள்ள விட்டு விரிப்பாங்க. இன்னொண்ணு 6 மில்லிமீட்டர் கிட்ட வெட்டி பண்றது, அதுக்கும் பெரும்பாலும் தையல் இருக்காது, கைதேர்ந்த டாக்டரா இருந்தா அதுலயும் பார்வை நல்லாத்தான் வரும். லேசர்ல பண்றோம்னு தனியா காசு கேட்டா, அதனால பார்வை பெருசா கூடிராதுங்கறத மனசுல வெச்சுக்குங்க.

இப்ப லென்ஸுக்கு வாரேன். எல்லாரும் எது ஒசத்தின்னுதான் கேக்கறாங்க, உங்க கண்ணுக்கு எந்த தூரம் வேணும்னு மொதல்ல நீங்க முடிவு பண்ணோணும்.

மோனோஃபோக்கல்னா ஒரு தூரம் மட்டும் தெளிவா தெரியும், பொதுவா எட்டத்துக்கு வெப்பாங்க, படிக்க கண்ணாடி போட்டுக்கோணும். தோட்டம், மாடு கன்னு, வண்டி ஓட்டறதுன்னு இருக்கறவங்களுக்கு இதுவே தாராளம், ராத்திரி பார்வையும் சுத்தமா இருக்கும். சின்ன வயசுலருந்தே கிட்டப்பார்வை, கண்ணாடிய கழட்டிட்டு படிச்சே பழக்கம்னா பக்கத்துக்கு பவர் வெக்க முடியுமான்னு கேளுங்க, இல்லைன்னா அப்பறம் வெசனப்படுவீங்க. மல்டிஃபோக்கல், ட்ரைஃபோக்கல்னா எட்டம் கிட்டம் ரெண்டும் பெரும்பாலும் கண்ணாடி இல்லாம ஓட்டிரலாம், ஆனா லைட்ட சுத்தி வளையம் தெரியும், மங்கல் வெளிச்சத்துல பார்வை கொஞ்சம் கம்மியாகும், அதனால நைட்டு லாரி ஓட்டறவங்களுக்கு நான் சொல்லமாட்டேன், விழித்திரைல சர்க்கரை பாதிப்பு இருக்கறவங்களும் க்ளாக்கோமாங்கற கண் அழுத்த நோய் இருக்கறவங்களும் பெரும்பாலும் வேண்டாம்னுதான் டாக்டரே சொல்லுவாரு. திருப்பூர்ல பனியன் கம்பெனி செக்கிங் டேபிள், சோமனூர் பக்கம் தறி, கம்ப்யூட்டர்ல கணக்குன்னு கையெட்டற தூரத்துல வேலைன்னா எட்டத்துலருந்து கையெட்டற தூரம் வரைக்கும் தெரியற ஈடாஃப் லென்ஸ் பத்தி கேட்டுப் பாருங்க, பொடி எழுத்துக்கு மட்டும் கண்ணாடி தேவைப்படலாம். டோரிக்ங்கறது கண்ணுல சிலிண்டர் பவர், அதாவது கருவிழி வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால வர்ற பவர், கூடுதலா இருக்கறவங்களுக்கு, அது இருந்தா இதுக்கு செலவு பண்றது வீண் போகாது.

வெளிநாட்டு லென்ஸ்தான் நல்லதுங்கற பேச்சுக்கும் மயங்காதீங்க. 1949ல லண்டன்ல ஹெரால்ட் ரிட்லிங்கற டாக்டர் மொத செயற்கை லென்ஸ் வெச்சாரு, அதுக்கப்புறம் ரொம்ப காலம் வெல எட்டாக்கனிதான், மதுரைல ஆரோலேப்ங்கற லென்ஸ் தயாரிக்கற நிறுவனத்த 1992ல ஆரம்பிச்சதுக்கப்புறம் நம்மூர்லயே வெல கம்மில கெடைக்குது. கோயமுத்தூர்ல அரவிந்த், சங்கரா கண் ஆஸ்பத்திரி ரெண்டுலயும் கேம்ப் மூலமா வர்றவங்களுக்கு இலவசமா பண்றாங்க, கவர்மெண்டு ஆஸ்பத்திரிலயும் பண்ணிக்கலாம். இன்சூரன்ஸ் இருந்தா புரைக்கு எவ்ளோ வரைக்கும் தருவாங்கன்னு மொதல்லயே கேட்டுருங்க, நெறைய பாலிசில உச்சவரம்பு போட்டிருப்பாங்க.

லென்ஸ் பவர் கணக்கு பண்ண கண்ணு நீளத்தையும் கருவிழி வளைவையும் அளப்பாங்க. கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க அதுக்கு முன்னாடி எவ்ளோ நாள் கழட்டி வெக்கோணும்னு கேட்டுக்குங்க. ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை எடுக்கறவங்க, எப்பவோ எடுத்து நிறுத்தியிருந்தாலும் சரி, டாக்டர்கிட்ட மறக்காம சொல்லோணும், ஆபரேசன்ல பாப்பா சுருங்கிக்கும்.

லென்ஸ் பேரு, பவர் போட்ட ஸ்டிக்கர வாங்கி பத்திரமா வெச்சுக்குங்க. மாசமோ வருசமோ கழிச்சு மறுபடி மங்கலாச்சுன்னா புரை திரும்ப வந்துருச்சுன்னு பயப்படாதீங்க, லென்ஸுக்கு பின்னாடி இருக்கற சவ்வு மங்கறதுதான் முக்காவாசி காரணம், யாக் லேசர்ல கொஞ்ச நேரத்துல சரி பண்ணிருவாங்க. ஆனா ஆபரேசன் ஆன மொத சில வாரத்துல வலி, செவப்பு, பார்வை கொறையறது எது வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு படுத்துராம அப்பவே ஆஸ்பத்திரிக்கு கெளம்பிருங்க.