முதல் வெளிநாட்டுப் பயணமா? டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் விசா பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் டிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். விலை குறைவாக இருந்தது, போட்டுவிட்டேன், இனி என்ன செய்யணும் என்று கேட்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாஸ்போர்ட், பெயர், விசா, இந்த மூன்றும் சரியான பிறகுதான் டிக்கெட்.

முதல் வேலை பாஸ்போர்ட். இல்லாதவர்கள் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய் கட்டி, சேவா கேந்திராவில் நாள் வாங்க வேண்டும். அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் என்று மூன்று இருக்கின்றன, நமக்கு அமைந்தகரைதான் கிட்டே. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்குத்தான் இதில் சிக்கல் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, வெறும் 'முருகன்' என்று ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் நிறைய பேர். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில்லை, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். மாற்ற வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டையே மறுபடி எடுக்கணும், அதற்கு நாள் பிடிக்கும். டிக்கெட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்கட்டும்.

இனி விசா. மலேசியாவுக்கு இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம், இந்தச் சலுகை 2026 கடைசி வரை. சிங்கப்பூருக்கு விசா கட்டாயம், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக விண்ணப்பம் கொடுக்கலாம். அப்புறம் இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டை என்று ஒன்று உண்டு, இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பணும். இது முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் பணம் கேட்கும் போலித் தளங்கள்தான் முன்னால் வந்து நிற்கும், அரசுத் தளத்தின் முகவரியைப் பார்த்த பிறகு விவரங்களைக் கொடுங்கள்.

கென்யா மாதிரி ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ராஜாஜி சாலையில் இருக்கும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கேயே 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

வேலைக்குப் போகிற தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர்., அதாவது 'குடியேற்ற அனுமதி தேவை' என்ற வகையாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு சவுதி, குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். "டூரிஸ்ட் விசால போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் போய் மாட்டினால் சம்பளம் கேட்கவும் வழியில்லை, காப்பீடும் இல்லை, வீட்டில் கடன் மட்டும் நிற்கும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள், அங்கேயே விஷயம் தெரிந்துவிடும்.

கிளம்பும் நாளில் விசா, திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி எல்லாவற்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். விசா இருந்தாலும் உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை அந்த ஊர் குடிவரவு அதிகாரிதான் முடிவு செய்வார், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டால் இந்தத் தாள்களைக் காட்டிப் பதில் சொல்லுங்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது, ஆனால் நள்ளிரவு, அதிகாலை விமானங்களுக்கு அது உதவாது, வண்டியை முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.