வன்னியில வீடு வாங்கேக்க பெயின்றைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் வீடு பாத்தது ஆவணி மாசம், வளவு காய்ஞ்சு கிடந்தது, சுவரெல்லாம் புது வெளிர்மஞ்சள் பெயின்ற், பள்ளிக்கூடமும் கிட்ட, மனிசிக்கும் பிடிச்சுப்போச்சு. கார்த்திகையில ரெண்டு கிழமை மழை அடிச்சாப்பிறகு அலுமாரியை நகத்தினால், முழங்கால் உயரத்துக்குப் பெயின்ற் கொப்புளமாத் தள்ளிக்கொண்டு நிக்குது, விரலால சுரண்ட வெள்ளை உப்பு மா மாதிரிக் கொட்டுது. 2018 மார்கழியில இரணைமடுக் குளத்துக் கதவுகளைத் திறந்து வெள்ளம் வந்தது எல்லாருக்கும் தெரியும், இந்த வளவுக்குள்ளயும் ஏறினதோ எண்டு பக்கத்து வீட்டு அம்மாவிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேக்கேல்ல. வீட்டை மாரியில பாருங்கோ. ஏலாட்டி அயலட்டையில ரெண்டு மூண்டு பேரிட்டயாவது கதையுங்கோ.

அதைவிடப் பெரிய பிழை காணிப் பத்திரத்தில நடக்குது. எங்கட பக்கம் கனக்கக் காணி 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தோட குடுத்த பெர்மிட் காணி, அதைத் தங்கட எண்ணத்துக்கு விக்கேலாது, அரசாங்கம் பிறகு குடுக்கிற அளிப்புப் பத்திரம் இருந்தாலும் பிரதேச செயலாளரின்ர எழுத்து மூல அனுமதி இல்லாமல் எழுதினால் செல்லாது. வெள்ளைக் கடுதாசியில கையெழுத்து வாங்கிக்கொண்டு காசைக் குடுத்திட்டு நிக்கிற சனத்தைக் கண்டிருக்கிறன், நெஞ்சு பதறும். தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியெண்டால் காணிப் பதிவகத்தில தேடுதல் போட்டுப் பாத்து, அளவைப் படத்தைக் கையில வைச்சு எல்லைக் கல்லை நீங்களே நடந்து பாருங்கோ. சீதனக் காணியை விக்கிறதெண்டால் வடக்குத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி புருசனும் எழுத்தில சம்மதிக்க வேணும், வெளிநாட்டில இருக்கிற காசு அனுப்புற தம்பிமாருக்கு இதை முதலே சொல்லி வையுங்கோ.

தண்ணியை ஒருத்தரும் பாக்கிறேல்ல. கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி வைச்சுக் குடியுங்கோ, வீட்டுக்காரரின்ர கேத்தலைத் திறந்து அடியில வெள்ளைப் படை எவ்வளவு தடிப்பெண்டு பாருங்கோ, பருப்பு அவியிற நேரத்தைக் கேளுங்கோ, தண்ணியில சுண்ணாம்பு கூடவோ எண்டு அதில தெரியும். கக்கூஸ் குழி கிணத்துக்கு 50 அடிக்குள்ள இருந்தால் யோசியுங்கோ. தண்ணியை ஒருக்காச் சோதனைக்கும் குடுங்கோ, அதுக்குப் போற காசு பெரிசில்லை.

போருக்குப் பிறகு இந்திய அரசின்ர வீட்டுத்திட்டத்தில ஐஞ்சரை லட்சம் ரூபா குடுத்துக் கட்டின வீடுகளும் இப்ப விலைக்கு வருது. வீட்டைவிட, பிறகு ஒட்டிக் கட்டின அறையைத்தான் வடிவாப் பாக்கவேணும், ரெண்டு அத்திவாரமும் ஒரே மாதிரி இறங்காட்டி சேருற இடத்தில மேலயிருந்து கீழ வெடிப்பு விடும், அதுக்குமேல புட்டி பூசி மறைச்சிருப்பினம்.

வாங்கினாப்பிறகு சனம் முதல் செய்யிறது கேற்றும் தரை ரைல்ஸும். கூரை ஒழுகேக்க ரைல்ஸ் என்னத்துக்கு? கூரை, வயரிங், தண்ணி, பிறகுதான் மற்றது. பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை பிரஷ் போட்டு உரஞ்சவோ வாளால வெட்டவோ வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனால் கூடாது, பிள்ளையள் இருக்கிற வீடு. கதவு நிலையை விரலால தட்டுங்கோ, பொள்ளல் சத்தம் கேட்டால் உள்ள கறையான்.

ஈரச் சுவருக்குமேல திரும்பப் பெயின்ற் அடிக்கிறதும் வீண் செலவு. நாங்கள் மாசியில ஊறின பூச்சை மூண்டடி உயரத்துக்கு உடைச்சு எடுத்திட்டம், வெளியால தண்ணி வழிஞ்சு ஓட வாய்க்கால் வெட்டியிருக்கு. பூச்சும் பெயின்றும் இன்னும் இல்லை, செங்கல் தெரிஞ்சுகொண்டு நிக்குது, பங்குனி வெயில் முழுக்கக் குடிக்கட்டும்.