சிப்பி இருந்தால் போதும்

பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் தேடி அலைய வேண்டாம். கரையில் ஒதுங்கும் வெறும் சிப்பியும் மட்டி ஓடும் ஒரு ஓலைப்பெட்டி நிறைய இருந்தால் போதும்.

முதலில் பாதுகாப்பு. உள்ளே உயிர் இருந்தால் தொடவே வேண்டாம். கூம்பு மாதிரி இருக்கும் சங்குப்பூச்சி சில கொட்டும், விஷம் உண்டு. பவளப்பாறைத் துண்டையும் எடுக்காதீர்கள், செத்தது என்றாலும் சட்டப்படி குற்றம். ஓடுகளைக் கழுவி, கொதிக்க வைத்து, வெயிலில் காயவிட்டு, உடைந்ததைக் கழித்துவிடுங்கள். 3 வயது ஆகாத பிள்ளைகளுக்கு உள்ளங்கை அளவு பெரிய ஓடு மட்டும் கொடுங்கள். சின்னச் சோழி தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் பெட்டியைக் கொட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். "ஒன்று, ரெண்டு சொல்லு" என்று உடனே ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் வீட்டுச் சின்னவள் பெரிய ஓட்டின் மேல் சின்ன ஓட்டை வைத்து, "பாப்பா தூங்குது" என்றாள். "ஆமா, யார் மடியில் தூங்குது?" என்று கேட்டேன். "அம்மா மடியில்" என்றவள், பெரியது சிறியது என்று தானே எல்லாவற்றையும் பிரித்து அடுக்கினாள். அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நாம் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாலே பேச்சு வளரும். எண்ணிக்கை அதிலேயே வந்துவிடும்.

நடுவில் அழுதால் விளையாட்டு அப்படியே கிடக்கட்டும், பிள்ளையை மடியில் தூக்கிக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் இதைச் செய்தால் ஒரு பாய்க்கு நாலைந்து பிள்ளைகள் சரியாக இருக்கும்.