எலி ஆன்டிபாடியை மனுஷ உடம்பு ஏத்துக்குற மாதிரி மாத்துறது எப்படி

எலிக்கு ஊசி போட்டு ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி செய்யுற எலி செல்லையும் புற்று செல்லையும் இணைச்ச செல்) செஞ்சு டார்கெட்ல, அதாவது மருந்து பிடிக்க வேண்டிய மூலக்கூறுல, கெட்டியா ஒட்டுற ஒரு ஆன்டிபாடி கையில வந்தாச்சுன்னு வைங்க, அதை அப்படியே மருந்தா குடுக்க முடியாது. 1986-ல அமெரிக்கால அனுமதி வாங்குன முதல் மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் இருக்குற) மருந்து முரோமோனாப், முழுக்க எலி ஆன்டிபாடி, மாத்துன கிட்னியை உடம்பு நிராகரிக்காம இருக்க குடுத்தாங்க, ஆனா நிறைய பேரோட உடம்பு அந்த மருந்துக்கு எதிராவே ஆன்டிபாடி செஞ்சுடுச்சு, அப்புறம் ரெண்டாவது தடவை குடுத்தா வேலை செய்யாது. இதைத் தவிர்க்கத்தான் ஹ்யூமனைசேஷன், அதாவது எலி ஆன்டிபாடியை முடிஞ்ச வரைக்கும் மனுஷ ஆன்டிபாடி மாதிரி மாத்துறது.

முதல்ல சீக்வென்ஸ், அதாவது அமினோ ஆசிட் வரிசை. ஆன்டிபாடி ஹெவி செயின், லைட் செயின்னு ரெண்டு வகை புரோட்டீன் இழையால ஆனது, ரெண்டோட வேரியபிள் பகுதியும் (டார்கெட்டைப் பிடிக்கிற, ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறுற முனை) சரியா படிச்சிருக்கணும். ஹைப்ரிடோமால ஒரு பொறி இருக்கு, இணைக்கப் பயன்படுத்துற மைலோமா செல் (அந்தப் புற்று செல்) தன் பழைய கப்பா செயினோட (ஒரு வகை லைட் செயின்) ஆர்என்ஏவையும் செய்யும், அது புரோட்டீனா வராது, நடுவுல ஸ்டாப் கோடான் (புரோட்டீன் செய்யுறதை நிறுத்தச் சொல்லுற குறி) இருக்கும். நான் ஆரம்பத்துல அதையே லைட் செயின்னு நம்பி ரெண்டு வாரம் மாடல் போட்டேன். அதனால டிஎன்ஏல ஃப்ரேம் (மூணு மூணு எழுத்தா படிக்கிற வரிசை) உடையாம ஓடுதான்னு பாருங்க, முடிஞ்சா மாஸ் ஸ்பெக்ல எடையும் சரி பாருங்க.

அடுத்து கைமெரா. எலியோட வேரியபிள் பகுதி, மனுஷனோட கான்ஸ்டன்ட் (மாறாத மீதி) பகுதி. 1997-ல வந்த ரிட்டுக்சிமாப் இந்த வகைதான், இன்னும் ஓடுது. உங்களுக்கு இதுவே மருந்தா ஆகலைன்னாலும் கட்டாயம் செஞ்சு வைங்க, பின்னாடி செய்யுற ஒவ்வொரு வெர்ஷனையும் இதோடதான் ஒப்பிடணும்.

இப்போ நிஜமான வேலை. ஆன்டிஜெனை, அதாவது அந்த டார்கெட்டைத் தொடுறது வேரியபிள் பகுதியில இருக்குற ஆறு லூப், அதுக்குப் பேரு சிடிஆர், மீதி எல்லாம் அதைத் தாங்குற ஃப்ரேம்வொர்க். ஆறு லூப்பை வெட்டி மனுஷ ஃப்ரேம்வொர்க்ல ஒட்டணும், அவ்ளோதான்னு கேட்க ஈசியா இருக்கும், ஆனா அப்படி மட்டும் ஒட்டுனா பெரும்பாலும் ஒட்டுற சக்தி விழுந்துடும். 1988-ல கேம்பிரிட்ஜ்ல கிரெக் வின்டர் குழு கேம்பாத்-1ங்கிற எலியின ஆன்டிபாடியை இப்படி மாத்துனப்போ இதேதான் நடந்துச்சு, ஹெவி செயின்ல 27-வது இடத்துல இருந்த ஒரே ஒரு செரீனை பழையபடி ஃபீனைல் அலனினா மாத்துனதும் பிடிப்பு பெருமளவு திரும்பி வந்துச்சு. ஒரே ஒரு அமினோ ஆசிட்! இடங்களுக்கு நம்பர் போட்டு லூப் எல்லையைச் சொல்ல கபாட், சோத்தியான்னு ரெண்டு கணக்கு இருக்கு, அந்த 27-வது இடம் கபாட் கணக்குப்படி ஃப்ரேம்வொர்க், சோத்தியா கணக்குப்படி முதல் லூப்புக்குள்ளயே வருது. அதனால ஒரு கணக்கை மட்டும் நம்பாதீங்க, ரெண்டையும் போட்டு எது அகலமோ அதை எடுங்க. அப்புறம் லூப்புக்கு அடியில மெத்தை மாதிரி இருக்குற வெர்னியர் ஜோன் இடங்களையும், ஹெவியும் லைட்டும் உரசுற இடங்களையும் ஒவ்வொண்ணா பாருங்க, ஹெவி 71-ஐ கண்டிப்பா பாருங்க, அங்க ஆர்ஜினீன் இருக்கா சின்ன அமினோ ஆசிட் இருக்காங்கிறதைப் பொறுத்து ரெண்டாவது லூப் சாயுற விதமே மாறிடும்.

ஃப்ரேம்வொர்க்குக்கு யாரோ ஒருத்தரோட முதிர்ந்த ஆன்டிபாடியை எடுக்காம ஜெர்ம்லைன் (மியூட்டேஷன் வர்றதுக்கு முன்னாடி பிறவியிலயே இருக்குற ஜீனோட சீக்வென்ஸ்) எடுங்க, முதிர்ந்ததுல அந்த ஆளோட உடம்புல வந்த மியூட்டேஷன்லாம் இருக்கும், மத்தவங்க உடம்புக்கு அதுவும் அந்நியம்தான். உங்க எலி சீக்வென்ஸுக்கு கிட்டத்துல இருக்குறதுல, நல்லா எக்ஸ்பிரஸ் ஆகுற ஜெர்ம்லைனா தேர்ந்தெடுங்க.

எலி அமினோ ஆசிட் எத்தனையைத் திருப்பி வைக்கணும்னு உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க. ஹெவில நாலு வெர்ஷன், லைட்ல நாலு வெர்ஷன், ஒண்ணுமே திருப்பாததுல இருந்து நிறைய திருப்புனது வரைக்கும், பதினாறு ஜோடியையும் ஹெக் செல்லுல (லேப்ல வளர்க்குற மனுஷ செல்) செஞ்சு பயாகோர்ல (பிடிப்பை அளக்குற கருவி) கைமெராவோட ஓட்டிப் பாருங்க. பிடிப்பு கைமெராவை விட ரெண்டு மூணு மடங்குக்கு மேல குறையாம, சூட்டையும் தாங்கி, எலி அமினோ ஆசிட் கம்மியா இருக்குறதுதான் உங்க ஆள். என்னைக் கேட்டா மனுஷ சதவீதம் ரெண்டு கூடுதுன்னு பிடிப்பை விட்டுக் குடுக்கவே கூடாது.

கிளைகோசைலேஷனையும் (புரோட்டீன் மேல சர்க்கரை ஏறுறது) இங்கயே பாத்துடுங்க. வேரியபிள் பகுதியில ஆஸ்பராஜின், நடுவுல புரோலின் தவிர ஏதோ ஒண்ணு, அப்புறம் செரீன் இல்ல திரியோனின்னு வந்தா அங்க சர்க்கரை ஏறலாம். செட்டுக்சிமாப்ங்கிற ஆன்டிபாடி மருந்துக்கு அங்க ஒரு சர்க்கரை உண்டு, எலி செல்லுல செய்யுறதால ஆல்ஃபா-கேல்ங்கிற சர்க்கரை வருது, உடம்புல அதுக்கு ஏற்கனவே ஐஜிஈ (அலர்ஜியைத் தூண்டுற ஆன்டிபாடி) இருக்குறவங்களுக்கு முதல் டோஸ்லயே உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வந்திருக்கு. அந்த இடத்தை எடுத்துடுங்க, தயாரிப்புக்கு சிஹெச்ஓ (ஹாம்ஸ்டர் முட்டையக) செல் போங்க.

இவ்ளோ செஞ்சும் உடம்பு ஏத்துக்கும்னு உறுதி கிடையாது. 2002-ல வந்த அடாலிமுமாப் முழுக்க மனுஷ ஆன்டிபாடி, அதுக்கும் எதிர் ஆன்டிபாடி வருது. கொலஸ்ட்ராலுக்கு செஞ்ச போகோசிசுமாப் ஹ்யூமனைஸ் பண்ணது, கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எதிர் ஆன்டிபாடி வந்து 2016-ல நிறுத்திட்டாங்க. காரணம் லூப்பே அந்நியமா இருக்கலாம், இல்ல புரோட்டீன் கட்டி கட்டியா சேர்ந்திருக்கலாம். அதனால டி செல் எபிடோப்பை (உடம்போட டி செல் அந்நியம்னு அடையாளம் காணுற துண்டு) கம்ப்யூட்டர்ல தேடுங்க, அப்புறம் பல பேரோட ரத்த செல்லுல போட்டு டி செல் பெருகுதான்னு பாருங்க, திரட்சியை சைஸ் எக்ஸ்க்ளூஷன்ல (அளவை வச்சுப் பிரிக்கிற முறை) அளந்து வைங்க.

இன்னொண்ணு, டார்கெட்டே ஆபத்தானதா இருந்தா ஹ்யூமனைசேஷன் காப்பாத்தாது. 2006-ல லண்டன்ல டிஜிஎன்1412ங்கிற ஆன்டிபாடி குடுத்த ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல் (நோய் எதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காம வெறியாகுறது) அடிச்சுது, அதுவும் ஹ்யூமனைஸ் பண்ணதுதான்.

ட்ரையல்ல எதிர் ஆன்டிபாடி தேடும்போது ரத்தத்துல இருக்குற மருந்தே அதைப் பிடிச்சு மறைச்சுடும், நெகட்டிவ்னு வரும். சாம்பிளை ஆசிட்ல பிரிச்சு டெஸ்ட் பண்ணுங்க, கடைசி டோஸ் கழிஞ்சு மருந்து உடம்பை விட்டுப் போனப்புறம் ஒரு சாம்பிள் மறக்காம எடுங்க.