சர்க்கரை உள்ளவருக்கு இனிப்பு செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

சர்க்கரை நோய் உள்ளவருக்கு இனிப்பு செய்வது என்றதும் பெரும்பாலோர் முதலில் சீனி டப்பாவைத்தான் ஒதுக்கி வைக்கிறார்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவதில்தான் மற்ற தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட். சீனியில் மட்டுமல்ல, மைதாவில், சோள மாவில், பாலில், பழத்தில் என்று பாத்திரத்தில் விழும் பல பொருட்களில் அது இருக்கிறது.

ஒரு கேக்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைதா 200 கிராம், சீனி 200 கிராம். மைதாவில் மாவுச்சத்து சுமார் 150 கிராம். சீனி முழுவதும் மாவுச்சத்துதான். எட்டுத் துண்டு போட்டால் துண்டுக்கு ஏறக்குறைய 44 கிராம் வரும். சீனியை அடியோடு எடுத்துவிட்டாலும் துண்டுக்கு 19 கிராம் மிச்சம் இருக்கும். “சீனியே போடலை, தைரியமா சாப்பிடுங்க” என்று மூன்று துண்டு வைத்தால் 57 கிராம் ஆகிவிடுகிறது. சீனி போட்ட கேக் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தால்கூட இதைவிடக் குறைவு.

சீனி இல்லாத அந்தக் கேக்கில் மைதாவையும் பாதியாகக் குறைத்து 100 கிராம் பாதாம் மாவு சேர்த்தால் துண்டுக்கு 12 கிராம் அளவுக்கு இறங்கும். பாதாம் மாவில் மாவைப் பிடித்து வைக்கும் பசையம் (குளூட்டன்) கிடையாது, கேக் உதிர்ந்து போகும். ஒரு முட்டை கூடுதலாகச் சேருங்கள், முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். முழுக் கோதுமை மாவுக்கு மாறுவதால் நார்ச்சத்து கூடும், அது நல்லதுதான். ஆனால் அதிலும் 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. அளவைக் குறைக்காமல் மாவை மட்டும் மாற்றிப் பெரிய பலன் இல்லை.

‘இயற்கை இனிப்பு’ என்ற நம்பிக்கை

தேன், வெல்லம், பழுப்புச் சீனி, பேரீச்சை. இவற்றை நல்லெண்ணத்தோடுதான் சேர்க்கிறார்கள், அதனால்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒரு மேசைக்கரண்டி தேனில் 17 கிராம் மாவுச்சத்து, அதே கரண்டிச் சீனியில் 12 கிராம்தான். வெல்லமும் பழுப்புச் சீனியும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். பெரிய பேரீச்சம்பழம் ஒன்றில் 18 கிராம் வரை இருக்கும். பேரீச்சையில் நார்ச்சத்து இருக்கிறது என்பது உண்மை, அதற்காகப் பத்துப் பழத்தை அரைத்து ஊற்றிவிட்டு ‘சீனி இல்லாதது’ என்று பரிமாறக் கூடாது.

பழச்சாறும் இப்படித்தான். பழமாகச் சாப்பிட்டால் நார்ச்சத்து உடன் வரும், பிழிந்தால் அது சக்கையோடு போய்விடும். பாலைச் சுண்டக் காய்ச்சுவதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 50 கிராம் லாக்டோஸ் (பால் சர்க்கரை) இருக்கிறது. அரை லிட்டராகச் சுண்டினாலும் அந்த 50 கிராமும் அதிலேயேதான் இருக்கும். அதே அளவுக் கிண்ணத்தில் இரட்டிப்பாகப் போகிறது.

சீனி செய்யும் வேலையை மறப்பது

இனிப்பைத் தருவதோடு சீனியின் வேலை முடிவதில்லை. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கிறது, ஈரத்தைக் காக்கிறது, பொன்னிறம் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாவுக்குக் கனம் கொடுக்கிறது. சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி, சுத்தமானதாக இருந்தால், சீனியைப் போல 600 மடங்கு இனிப்பானது. 200 கிராம் சீனியின் இனிப்புக்கு அதில் அரை கிராம்கூடத் தேவையில்லை. மீதி இடத்தை நிரப்ப எதுவும் இல்லாமல் போவதால்தான் கேக் தட்டையாக, வறண்டு, வெளுத்து வருகிறது.

கனம் வேண்டிய இடத்தில், சீனியைப் போலவே மணியாகக் கிடைக்கும் எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி கைகொடுக்கும். சீனியில் சுமார் 70 சதவீத இனிப்புதான் அதற்கு. அதை ஈடுகட்ட அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வாயில் பச்சைக் கற்பூரம் வைத்ததுபோல ஜில்லிப்பும், ஆறியதும் மணல் மாதிரி நறநறப்பும் வந்துவிடும். 100 கிராம் சீனிக்கு 100 கிராமே போட்டு, குறையும் இனிப்பை ஒரு சிட்டிகை ஸ்டீவியாவால் (இலையிலிருந்து எடுக்கும் இனிப்பூட்டி) நிரப்புங்கள். ஸ்டீவியாவை மட்டுமே நம்பினால் கசப்பு தங்கும். இரண்டையும் கலக்கும்போது ஒன்றின் குறை மற்றதில் மறைந்துவிடுகிறது. எரித்ரிட்டாலைப் பொடித்துப் போடுவது நறநறப்பைக் குறைக்கும். அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி சூட்டில் இனிப்பை இழந்துவிடும், பேக்கிங்குக்கு ஆகாது. ஆறிய பண்டத்தில் மட்டும் கலக்கலாம்.

சீனி இல்லாத கஸ்டர்டு திரிவதற்கும் சீனியின் இன்னொரு வேலை விட்டுப்போவதுதான் காரணம். முட்டைப் புரதம் இறுகும் சூட்டைச் சீனி உயர்த்தி வைக்கிறது. அது இல்லையென்றால் முட்டை சீக்கிரமே கட்டிவிடும். 500 மில்லி பாலுக்கு 5 மஞ்சள் கரு எடுத்துக்கொண்டு, மிகச் சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். கரண்டியின் பின்புறம் படிந்து, விரலால் இழுத்தால் கோடு அப்படியே நிற்கும் பதம் வந்ததும் இறக்கி, உடனே குளிர்ந்த பாத்திரத்தில் வடிகட்டுங்கள். கொதிக்க விட்டால் அவ்வளவுதான். இனிப்பூட்டியை இறக்கிய பிறகு சேருங்கள். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 7 கிராம் மாவுச்சத்துக்குள் முடிந்துவிடும், அதுவும் பெரும்பாலும் பாலிலிருந்து வருவது. சர்க்கரை உள்ளவருக்கு இதைவிடத் தோதான இனிப்பு கிடைப்பது கடினம்.

ஒரு சின்ன விஷயம்: குளிர்ந்தால் இனிப்புச் சுவை மங்கும். குளிரவைத்துப் பரிமாறுவதைக் குளிர்ந்த பிறகு ருசி பார்த்தே சரிசெய்யுங்கள். வனிலா, பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு மூன்றும் இனிப்பை எடுப்பாகக் காட்டும்.

பொட்டலத்தின் முகப்பை மட்டும் படிப்பது

‘சுகர் ஃப்ரீ’ என்று அச்சிட்ட சாக்லேட்டில் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். சீனியைவிட மெதுவாகத்தான் என்றாலும் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியாகும். இனிப்பூட்டிப் பொடிகள் பலவற்றில் அளவைக் கூட்டிக் காட்ட மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியைக் கலந்திருப்பார்கள். தேநீருக்கு ஒரு பொட்டலம் போடுகையில் அது பொருட்டில்லை. கேக்குக்குக் கப் கணக்கில் கொட்டும்போது கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். பின்பக்கம் ‘மொத்தக் கார்போஹைட்ரேட்’ என்ற வரியைப் பாருங்கள். சைலிட்டால் என்ற இனிப்பூட்டியை வாங்கினால், வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், அது நாய்க்கு நஞ்சு.

சாப்பிடுபவரிடம் சொல்லாமல் விடுவது

சமையல் நன்றாக வந்தாலும் ஆபத்து மிஞ்சியிருப்பது இங்கேதான். இன்சுலின் போடுபவர்கள் பலர் தட்டில் உள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டே ஊசியின் அளவை முடிவு செய்கிறார்கள். வழக்கமான கேக் என்று எண்ணி 44 கிராமுக்கு ஊசி போட்டுக்கொண்டு, உங்கள் 12 கிராம் கேக்கைச் சாப்பிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அதனால் ‘துண்டுக்கு இத்தனை கிராம்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வெண்ணெயும் கொட்டைகளும் நிறைய இருந்தால் அதையும் எழுதுங்கள். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும், சர்க்கரை இரண்டு மணி நேரம் கழித்தும் ஏறிக்கொண்டிருக்கலாம்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று சர்க்கரை இறங்கும் அறிகுறி தெரிந்தால், கையில் இருக்கிறதே என்று இந்த இனிப்பைக் கொடுத்துவிடாதீர்கள். எரித்ரிட்டாலும் சுக்ரலோஸும் அங்கே உதவாது. நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று நான்கு தேக்கரண்டி சாதாரணச் சீனியையோ நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒதுக்கி வைத்த சீனி டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.